தாயைப் பார்ப்பதற்குக் கணக்கா?

சென்ற மாதத்தில் கிள்ளானுக்கு அடுத்த ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்த பதினாறாம் நாள் காரியத்திற்கு நாம் போயிருந்தோம். இறந்தவர் எண்பத்தொரு வயதான மூதாட்டி. பதினைந்து வயதில் பால் வாளியைத் தூக்கியவர். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாள் வரைக்கும் அதைக் கீழே வைக்காதவர். கடைசி ஐந்து ஆண்டுகள் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்து மகன் வீட்டில் கண்ணை மூடினார். வந்திருந்த உறவினர் கூட்டம் சிறிதன்று. பந்தல், நாற்காலி, படையல், சாப்பாடு ஒன்றிலும் குறைவில்லை. உண்டு முடித்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபோது பேச்சு எங்கெங்கோ போய், அந்த மகன் இரண்டு வருஷங்களுக்கு முன்பு தன் தாயை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க விலை விசாரித்தான் என்ற விஷயத்தில் வந்து நின்றது. உடனே ஒரு பெரியவர், மகனுக்கு முறையில் சிற்றப்பா, ஊரில் கோயில் கமிட்டியில் இருப்பவர், தொடையைத் தட்டிக்கொண்டு, "பெற்ற தாயைப் பார்ப்பதற்குக் கணக்கா? காலம் கெட்டுப் போச்சு!" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மகன் குனிந்துகொண்டான். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

துக்க வீட்டில் வழக்குப் பேசுவது மரியாதையன்று என்று நாமும் அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் வீட்டிற்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அந்தச் சிற்றப்பா ஒருவர் அல்லர். ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தாமானிலும், சிங்கப்பூரில் ஒவ்வொரு புளோக்கின் கீழ்த்தளத்திலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆகையால் அன்று சொல்லாத பதிலை இன்று இப்பத்திரிகை வாயிலாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆம், ஐயா! தாயைப் பார்ப்பதற்குக் கணக்குத்தான் வேண்டும். கணக்கு எழுதாத இடத்தில் செலவே இல்லை என்று தாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். செலவு இருக்கிறது. அதை ஒருவர் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவர் யார் என்பது வெளியே தெரியாமலிருக்கும் பொருட்டே 'கணக்குப் பார்க்கலாமா?' என்ற இந்தப் பெரிய வார்த்தை நம்மவரிடையே வழங்கி வருகிறது.

அந்த வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாமியார் விழுந்த காலத்தில் மருமகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலையாயிருந்தார். யாரேனும் ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்று வந்தது. மகன் லாரி ஓட்டுகிறவர். அவர் நின்றால் அடுப்பு எரியாது. மற்றப் பிள்ளைகள் மூவரில் ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில், மூன்றாமவர் எப்போதும் 'வசதியில்லாதவர்'. ஆக, யாரும் கூடிப் பேசாமலே, யாரும் யாரையும் கேளாமலே, அந்த அம்மையார் வேலையை விட்டார். அவர் வாங்கி வந்தது குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய சம்பளம். 2025 பிப்ரவரியில் மலேசிய சர்க்கார் வைத்த கணக்குப்படி அது மாதம் 1,700 வெள்ளி. அந்த விகிதத்திலேயே பார்ப்போம். முந்திய வருஷங்களில் அது சற்றுக் குறைவாயிற்றே என்பாருண்டு. வாஸ்தவம், அதற்கு ஈடாக அவர் செய்து வந்த ஓவர்டைமை நாம் சேர்க்கவில்லை. சம்பளம் போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. முதலாளி ஊழியர் சேமநிதியில் அவர் பேரில் கட்ட வேண்டிய 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளியும் கூடவே போகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் 1,921 வெள்ளி. அறுபது மாதங்களுக்கு 115,260 வெள்ளி.

தோழர்களே, இந்தத் தொகையை ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். 'இலவசமாக வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்' என்று அந்தக் குடும்பத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பராமரிப்பின் விலை இது. பால் மாவு, பேம்பர்ஸ், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், படுக்கைப் புண்ணுக்குக் கட்டும் துணியும் மருந்தும், மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போகும் கார்ச் செலவு ஆகியவை இதில் சேரவில்லை. இரவில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்கவைத்ததற்குக் கூலி போட நாம் துணியவில்லை. இந்த ஒரு இலட்சத்துச் சொச்சம் வெள்ளியை முழுவதும் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவர் இறந்தவருக்குப் பெண்ணும் அல்லர். ஊரார் வார்த்தையில் 'வந்தவள்'.

இதைவிடக் கொடிய ஒன்று உண்டு. அந்த அறுபது மாதங்களில் சேமநிதியில் அவர் பங்கு 11, முதலாளி பங்கு 13, ஆக 24 விழுக்காடு, மாதம் 408 வெள்ளி சேர்ந்திருக்க வேண்டும். இலாப ஈவைத் தள்ளிவிட்டாலும் 24,480 வெள்ளி. இது அவருடைய முதுமைக்குரிய பணம். மாமியாரின் முதுமைக்கு மருமகளின் முதுமையை அடகு வைத்துவிட்டோம். நாளை இந்த அம்மையார் படுக்கையில் விழுந்தால், இவருக்காக வேலையை விடப் போகிறவர் இவருடைய மருமகள். இப்படித் தலைமுறைக்கு ஒரு பெண்ணாகப் பலி கொடுத்துக்கொண்டே போவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'நம் பண்பாடு'.

சரி, அந்த மகன் விசாரித்த இல்லத்தின் விலைதான் என்ன? இங்கேயும் நம்மவரிடையே ஒரு தெளிவு இல்லை. 'ஹோம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளக்கூடியவர் தங்குவது ஒன்று. குளிப்பது, உடுப்பது, நடப்பது இவற்றிற்குக் கை கொடுக்க ஆள் வேண்டியவருக்கு ஒன்று. குழாய் வழியாக ஆகாரமும் தாதியர் கவனிப்பும் வேண்டியவருக்கு இன்னொன்று. முதல் இரண்டு வகையும் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி சமூக நலத்துறையில் பதிந்திருக்க வேண்டியவை. தாதியர் இல்லங்கள் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிச் சட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு உட்பட்டவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாலைந்து பேர் ஓர் அறையில் தங்கும் சாதாரண இல்லத்தில், நடமாடக்கூடியவருக்கே உத்தேசமாக மாதம் இரண்டாயிரம் வெள்ளியை ஒட்டிக் கேட்கிறார்கள். படுத்த படுக்கையானவருக்கு மூவாயிரத்தையும் தாண்டும். தனியறையும் தோட்டமும் உள்ள இல்லங்கள் கேட்பதை எழுதி வாசகர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம்.

கேட்கும் விலையோடு கணக்கு முடிந்துவிடுவதுமில்லை. முன்பணம் உண்டு. பேம்பர்ஸ், பால் மாவு, புண்ணுக்குக் கட்டுப் போடுதல், உடற்பயிற்சியாளர் வருகை, மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் அனுப்புதல் ஆகியவற்றைத் தனியே எழுதும் இல்லங்கள் பல. முதியவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்தப் பத்து நாளைக்கும் கட்டில் வாடகை ஓடுமா, ஓடாதா? இரவில் எத்தனை பேரை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? இறந்துபோனால் மீதி முன்பணம் திரும்புமா? இக்கேள்விகளை வாயிற்படியிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். அநாதை இல்லத்திற்குப் பிறந்த நாள் சாப்பாடு கொடுக்கப் போய் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நம் கனவான்களில் எத்தனை பேர், சுவரில் சமூக நலத்துறையின் பதிவுச் சான்று தொங்குகிறதா என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள்? பதிவு செய்யாத இல்லங்களில் விலை குறைவுதான். ஏன் குறைவு என்பதை உள்ளே கிடப்பவர் சொல்ல முடியாது.

அந்த மகன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது பாசத்தாலா, பணத்தாலா? இரண்டாலும்தான். பாசம் உள்ளவனிடத்திலும் மாதம் மூவாயிரம் வெள்ளி முளைப்பதில்லை. 'அந்தத் தாய் உழைத்த பணம் எங்கே?' என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான், பதிலையும் கேட்க வேண்டும். ஊழியர் சேமநிதி 1951-இல் சட்டமாகி, 1952-இல் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு என்று வசூலிக்கத் தொடங்கிற்று. இவர் பால் வெட்டப் புகுந்தபோதும் அதே விகிதம்தான். 1975 வரைக்கும் அதே. மழை பெய்தால் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அற்பக் கூலியில் பத்து விழுக்காடு என்பது அற்பத்திலும் அற்பம். ஐம்பத்தைந்து வயதில் அதைக் கையில் வாங்கின சமயத்திலேயே லயத்தைக் காலி செய்யும் கடிதமும் வந்தது. ஐம்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர், வேலை முடிந்த மாதத்தோடு அக்கூரைக்கு உரிமையற்றவரானார். சேமநிதிப் பணம் இந்த அடுக்குமாடி வீட்டின் முன்பணமாயிற்று. அது அவருடைய பணம்தான். அவர் படுத்துக் கிடந்த சுவர்களாக அது நின்றுகொண்டிருந்தது.

நகரத்தார் இதைவிட மேல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் கையில் அடிப்படையாக இருக்க வேண்டிய தொகையாகச் சேமநிதி வாரியம் 2019 முதல் வைத்திருந்த அளவு 240,000 வெள்ளி. இருபது வருஷத்துக்கு அதை வகுத்தால் மாதம் ஆயிரம் வெள்ளி. சேமித்தவரில் சிறப்பாகச் சேமித்தவர் என்று நாம் மெச்சும் அந்தத் தொழிலாளிக்கும், மேலே சொன்ன சாதாரணக் கட்டிலில் பாதிதான் கிடைக்கும்! அதுவும் எட்டாமலே நின்றவர் நம்மில் மிகப் பலர். 2020 முதல் 2022 வரை பெருந்தொற்றுக் காலத்தில் வாரியம் கதவைத் திறந்துவிட்டபோது மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியே போயிற்று. அரிசிக்கும் வாடகைக்கும் எடுத்தவரை நாம் குறை சொல்லோம். பட்டினிக்கு முதுமையின் பணத்தைத் தவிர வேறு நிதி இல்லாதபடி அவரை வைத்திருந்தது யார் என்பதே நம் கேள்வி.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில், கிழப் பருவத்துச் செலவு அந்தந்தக் குடும்பத்தின் தலையெழுத்து என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் தோட்ட முதலாளிமாரே அப்படி நம்பியதில்லை. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. ஆள் இறக்கும் செலவுக்காகத் தோட்டக்காரர்கள் தங்களிடம் வேலை செய்த தொழிலாளர் கணக்குப்படி அதில் பணம் கட்டினார்கள். வேலைக்கு உதவாது போன கிழவர்களையும் நோயாளிகளையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பும் செலவும் அந்நிதியிலிருந்தே போயிற்று. 1930-ஐ ஒட்டிய ரப்பர் வீழ்ச்சியில் இலட்சத்திற்கும் மேற்பட்ட நம்மவர் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர். அதை நாம் தருமம் என்று சொல்லவில்லை. சாறு பிழிந்த சக்கையை வெளியே கொட்டுகிறவனும் வண்டிக் கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற அளவு நியாயம், அவ்வளவே. ஆனால் அதில் ஓர் உண்மை இருந்தது: உழைப்பை வாங்கினவன் உழைக்க முடியாத காலத்திற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

நாடு விடுதலையடைந்த பின்பு 1958-இல் அந்த மிச்சப் பணம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாறிற்று. இந்நாட்டுத் தென்னிந்தியத் தொழிலாளரின் நலத்துக்கென்று அது நின்றது. முதுமையால் தளர்ந்தவர்களுக்கு இல்லம் நடத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1999-இல் ஒரு சட்டத்தால் அந்த நிதியே கலைக்கப்பட்டது. அந்த வருஷத்தில் நம் சங்கங்கள் எத்தனை கூட்டம் போட்டன, எத்தனை மாலை மாற்றிக்கொண்டன என்பதை அந்தந்தச் சங்கத்தாரே நினைவுகூரட்டும். நம் பாட்டன்மார் முதுகின் பேரில் வசூலான பணம் தொண்ணூறு வருஷத்திற்குப் பிறகு மறைந்ததற்கு ஒரு பதினாறாம் நாள் காரியமாவது செய்தோமா?

இப்பொழுது என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இதைச் சொல்லாமல் கோபத்தை மட்டும் அச்சிட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை. வருமானமில்லாத அறுபது வயதினருக்குச் சமூக நலத்துறை தரும் முதியோர் உதவி 2021-இல் 350-லிருந்து 500 வெள்ளியாகி, 2025-இல் 600 வெள்ளியாயிற்று. படுக்கையில் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்போருக்கும் தனியாக ஓர் உதவி உண்டு. அதுவும் 2021-இல் 350-லிருந்து 500 வெள்ளியாக்கப்பட்டது. நாம் மேலே சொன்ன அந்த மருமகள் இந்த இரண்டாவது உதவியைப் பற்றிக் கேள்விப்பட்டதே மாமியார் இறந்து நான்கு நாள் கழித்துத்தான்! கோயில் கமிட்டியார் திருவிழாவுக்கு நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு அந்த வீட்டுக் கதவை அந்த ஐந்து வருஷத்தில் பலமுறை தட்டியிருக்கிறார்கள். ஒருவர் கையிலாவது அந்த விண்ணப்பத் தாள் ஒன்று இருந்ததில்லை.

அரசாங்க இல்லங்கள் உண்டல்லவா என்பார்கள். உண்டு. ருமா ஸ்ரீ கெனாங்கான் என்று பெயர். அறுபது வயதாகியிருக்க வேண்டும்; வீடும் வாரிசும் இருக்கக்கூடாது; தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடியவராகவும் இருக்க வேண்டும். நடக்க முடியாமல் போனவருக்கென்று ருமா எஹ்சான் இரண்டே இரண்டு: கோலகுபு பாருவில் ஒன்று, டுங்கூனில் ஒன்று. நாலு பிள்ளை பெற்றவள் நாலு பேரும் கைவிட்ட பிறகும் 'வாரிசு உள்ளவள்' என்றே தாளில் இருப்பாள். பிள்ளை பெற்றது ஒரு தகுதிக் குறைவாக எழுதப்பட்டிருக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

வருமான வரியில் கழிவு உண்டு என்று படித்தவர்கள் எடுத்துச் சொல்வார்கள். பெற்றோரின் மருத்துவத்திற்கும் பராமரிப்புக்கும் செய்த செலவில் 8,000 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம் என்பது மெய். வரி கட்டுகிறவனுக்கு! வரி கட்டும் அளவுக்குச் சம்பளமில்லாத லாரி ஓட்டுநருக்கு எதைக் கழிப்பது? அதிகம் உள்ளவனுக்கு அதிகம் கொடுத்து, இல்லாதவனை வாழ்த்தி அனுப்பும் சலுகை இது.

சொக்சோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது வயதில் வேலையிலிருக்கும்போதே பக்கவாதத்தில் விழுகிற ஆண்கள் நம் கூட்டத்தில் நிறைய. அறுபது வயதுக்குள், உரிய சந்தா கட்டியிருந்து, பழைய சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கும் சம்பாதிக்க முடியாதவரென்று மருத்துவக் குழு சொன்னால், மாதந்தோறும் இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும். எப்போதும் ஒருவர் உடனிருக்க வேண்டியவராயின் அதற்கும் ஒரு படி உண்டு. இதைக் கேட்காமலே அறுபது தாண்டவிட்டு, அப்புறம் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைகிறவர்களை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் 2022 டிசம்பரிலிருந்து ஒரு சொக்சோத் திட்டம் வந்திருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவர் வருஷத்திற்கு 120 வெள்ளி கட்டினால் வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் இயலாமைக்கும் பாதுகாப்புண்டு. மாதம் பத்து வெள்ளி. வீட்டுக்காரர் ஒரு நாள் மாலையில் தேநீர்க் கடையில் விடும் காசு!

ஆயினும் இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் கட்டிலின் விலை எட்டாது. இதை நாம் மறைக்கவில்லை. யார் படுக்கையில் விழுவார், எத்தனை வருஷம் கிடப்பார் என்பது எவருக்கும் முன்னால் தெரியாது. சிலர் தூக்கத்திலே போகிறார்கள். சிலர் பத்து வருஷம் கிடக்கிறார்கள். இப்படிப்பட்ட செலவைத் தனித்தனியாகச் சேமித்துத் தீர்ப்பது, ஒவ்வொருவரும் வீட்டுக்கொரு தீயணைப்பு வண்டி வாங்கி வைப்பதைப் போன்றது. எல்லாரும் சிறிது கொடுத்து, விழுந்தவர் எடுத்துக்கொள்வதுதான் வழி. ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-இலும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஜப்பானில் நாற்பது வயதிலிருந்து சந்தா கட்டுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப் தொடங்கியாயிற்று. 1980-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் முப்பது வயதிலிருந்து கட்டாயமாக அதில் சேர்ந்தவர்கள். சந்தாவை மெடிசேவிலிருந்தே கட்டலாம். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடத்தல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தாமே செய்ய முடியாமற் போனவருக்கு அந்நிலை நீடிக்கும் வரை மாதந்தோறும் பணம். தொடங்கியபோது 600 வெள்ளி. 2025-இல் 662 வெள்ளி. அங்குள்ள இல்லக் கட்டிலுக்கும் அது தனியே போதாது. இரண்டு மட்டும் செய்ய முடியாதவருக்கு ஒன்றுமில்லை என்பது கடுமை. பெண்களிடம் ஆண்களைவிட அதிகச் சந்தா வாங்குவதை நாம் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டோம். தொடங்கிய வருஷத்தில் முப்பது வயது ஆணுக்கு 206, பெண்ணுக்கு 253 வெள்ளி. பிறரைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவள், தன்னைப் பார்ப்பதற்கு மேல் விலை கொடுக்க வேண்டுமாம்! குறை இவ்வளவு இருந்தும், முதுமையின் கூலியைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கை அங்கே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இங்கே அது சிற்றப்பாமாரின் வெற்றிலைத் தட்டைத் தாண்டவில்லை.

'நம்மால் என்ன ஆகும், நாம் ஏழைகள்' என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணம் அது. மறு வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார்கள். தோட்டமே வாங்கிய கூட்டம், நூறு கட்டிலுக்கு ஓர் இல்லம் எழுப்ப முடியாத கூட்டமா? பகற்பொழுதில் முதியவரைக் கவனித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பும் ஒரு நிலையம் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இருந்தால், எத்தனை மருமகள்மார் தொழிற்சாலை வாயிலைத் தாண்டி மறுபடி உள்ளே போவார்கள்! அதற்கு இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். வருஷத்தில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் கோயில் மண்டபங்களின் விலாசம் நம்மிடம் இருக்கிறது.

அதுவரையில் குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெற்றோர் நடமாடும் காலத்திலேயே பிள்ளைகள் அனைவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதட்டும். வேலையை விட்டுப் பார்க்கப் போகிறவர் யார்? அவருக்கு மற்றவர்கள் மாதம் எவ்வளவு கொடுப்பார்கள்? ஜொகூரிலிருந்து எவ்வளவு, சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு? கையில் கொடுப்பதோடு, அவர் பேரில் சேமநிதியில் எவ்வளவு கட்டுவது? நிரந்தர வருமானமில்லாதவர் தாமே முன்வந்து சேமநிதியில் கட்டலாம். ஐ-சாரான் திட்டத்தில் கட்டியதற்குச் சர்க்காரும் 2025 முதல் வருஷத்திற்கு 500 வெள்ளி வரை சேர்த்துக் கொடுக்கிறது. இதைப் பெண்ணுக்குக் கொடுக்கும் தயவு என்று எவரும் சொல்ல வேண்டாம். கூலி என்று சொல்லுங்கள். கூலி என்ற சொல்லைக் கேட்டுக் கூசுகிற நிலையில் நம் வமிசத்தில் எவரும் இல்லை.

அண்ணன் தம்பிகளுக்குள் கணக்கு வந்தால் பாசம் முறிந்துவிடும் என்பார்கள். அந்த வீட்டில் கணக்கு இல்லாமலே முறிந்துபோனதை நாம் பார்த்தோம். பதினாறாம் நாள் செலவில் ஜொகூர் மகனும் சிங்கப்பூர் மகளும் ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு போட்டார்கள். உயிரோடு கிடந்த தாயின் பால் மாவுக்கு அந்த ஐந்து வருஷத்தில் அவர்கள் அனுப்பியதைக் கேட்டால் அச்சுக்கோப்பவர் சிரிப்பார். நாம் வெளிப்படையாகவே சொல்கிறோம்: சாப்பாட்டு அண்டாவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஐந்து பேர் மாறி மாறி ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து உட்கார்ந்திருந்தால், அந்த மருமகள் வாரத்தில் ஒரு பகலாவது தூங்கியிருப்பாள்.

நாம் விடைபெறும்போது அந்த அம்மையார் வாசல் வரை வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. "ஐயா, நீங்கள் பேப்பரில் எழுதுகிறவர்கள், எதற்காவது உதவுமா பாருங்கள்" என்றார். பிரித்துப் பார்த்தோம். முதல் பக்கத்திலிருந்து நாள், பால் மாவு, பேம்பர்ஸ், மருந்து, டாக்ஸி என்று வரிசையாக எழுதியிருந்தது. தாமுக்குப் பள்ளிக்கூடம் போகாத பெண்ணின் எழுத்து என்று சொல்ல முடியாது, அவ்வளவு நேர். யாரிடமும் காட்டுவதற்காக எழுதினீர்களா என்றோம். இல்லை, மறந்துபோகாமலிருக்க எழுதினேன் என்றார். கடைசிப் பக்கத்தில் மருந்துக்கடைப் பாக்கி 186 வெள்ளி, அடிக்கோடிட்டு, 'தரவேண்டும்' என்று இருந்தது.